வருணம், சாதி, இனம்: தமிழில் உயிர்ப் பாகுபாட்டுச் சொற்கள் பற்றிச் சில குறிப்புகள்

இலங்கையிலே தமிழ்மொழி மூலம் உயிரியல் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் ஏழு சொற்களை வரிசைமுறை தவறாது மனனஞ் செய்துகொள்கின்றனர். இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்பன அவை. உயிர்களின் பாகுபாட்டிலே பேரலகிலிருந்து சிற்றலகு வரை இறங்கிச் செல்லும் படிகளை இவை குறிக்கின்றன. பனையைப் பற்றிக் கேட்டால், அது பொராசசு என்னும் சாதியையும் பொராசசு பிளாபெலிபர் என்னும் இனத்தையும் சேர்ந்தது என்று மாணவன் விடை எழுதுவான். இவ்வேழு சொற்களுள் வருணம், சாதி ஆகிய இரண்டும் நம் சமூகத்தின் ஏற்றத்தாழ்வோடு பிரிக்கவியலாதவாறு பிணைந்தவை. இனம் என்பதோ இந்நாட்டின் அண்மைக்கால வரலாற்றிலே மிகுதியாகப் பேசப்பட்டதும் குருதி தோய்ந்ததுமான சொல். இவை உயிரியலுக்கு எவ்வாறு வந்தன, அங்கிருந்துகொண்டு என்ன செய்கின்றன, இவற்றை மாற்றுதல் வேண்டுமா என்பனவற்றையே இங்கு நாம் நோக்க முற்படுகின்றோம்.

கலைச்சொல் என்பது வெறுங் குறியீடு. அதன் பொருளை வரைவிலக்கணமே தருகின்றது. ஆதலின் எச்சொல்லாயினும் இழுக்கில்லை என்பாருளர். இவ்வாதம் முற்றாகத் தள்ளத்தக்கதன்று. ஆயினும் எல்லாக் கலைச்சொற்களும் ஒரு நிலையின அல்ல. ஒட்சிசன் என்ற சொல்லை மாணவன் வகுப்பறைக்கு வெளியே வேறெப்பொருளிலும் கேட்பதில்லை. சாதி என்ற சொல்லையோ திருமணப் பேச்சிலும் கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் கேட்டபின்னரே வகுப்பறைக்குள் வருகின்றான். பிறப்பினால் அமைவதும் மாற்றவியலாததும் கலப்பினைப் பொறாததும் என்று வெளியிலே கேட்ட பொருள், இயற்கையின் பிரிவைக் குறிக்க அதே சொல் ஆளப்படும்போது, இயற்கையின் சான்றையும் பெற்றுவிடுகின்றது. இங்கேதான் நமது கவலை தொடங்குகின்றது.

சமூகத்தின் பிரிவுகளுக்குரிய பெயர்களை உயிர்களுக்கு இடுதல் தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதை முதலில் மனங்கொள்ளுதல் வேண்டும். மேனாட்டு உயிரியலாளர் கையாளும் இலத்தீன் சொற்களைச் சற்று உற்றுநோக்கின் இது துலாம்பரமாகும். இராச்சியம் என்பதற்கு மூலமான 'இரெக்னம்' மன்னனின் ஆட்சிப்புலம். வகுப்பு என்பதற்குரிய 'கிளாசிசு' உரோமக் குடிகளைச் சொத்தின் அளவுகொண்டு வகுத்த பிரிவு. வருணம் என நாம் மொழிபெயர்த்த 'ஓடோ', செனற்றர் நிலை, குதிரைவீரர் நிலை என உரோமர் கொண்டிருந்த படிநிலைகளுக்குப் பெயராயிருந்தது. 'பமிலியா' அடிமைகளையும் உள்ளடக்கிய வீட்டுத்தொகுதியைச் சுட்டியது. எக்கல் 1866இல் புகுத்திய 'பைலம்' என்பதும் குலம், குடி எனும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்ததே. இனம் என நாம் வழங்கும் 'இசுபீசீசு' ஒன்றுதான் தோற்றம் என்று பொருள்பட்டு, சமூகச் சார்பின்றி நிற்கின்றது. ஆயின் உரோமரின் படிநிலைகள் மறைந்து நெடுங்காலமாயிற்று. 'ஓடோ' என்ற சொல்லைக் கேட்டு இன்று எவரும் தலைகுனிவதில்லை, தலைநிமிர்வதுமில்லை. அவர்களிடம் செத்துப்போன சொற்கள் நம்மிடம் உயிரோடிருக்கும் சொற்களாகப் பெயர்க்கப்பட்டமையே வேறுபாடு.

இப்படிமுறையை நிலைநிறுத்தியவர் சுவீடன் நாட்டுக் கார்ல் லின்னேயசு. தாவரங்களுக்கு 1753இலும் விலங்குகளுக்கு 1758இலும் அவர் வெளியிட்ட நூல்களே இன்றைய இருசொற் பெயரீட்டுக்கு அடிப்படையாகும். இலங்கைக்கும் அவருக்குமிடையே நெருங்கிய தொடர்பொன்றுண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் 1672 முதல் 1677 வரை இங்குப் பணியாற்றிய மருத்துவர் போல் ஏமன் திரட்டிய உலர்தாவரங்களை ஆராய்ந்தே லின்னேயசு 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது நூலை எழுதினார். நம் நாட்டுப் பெயர்கள் சில இலத்தீன் உருவம் பெற்று உலகப் பெயர்களாயின. முருங்கையின் சாதிப்பெயரான மொறிங்கா திராவிடச் சொல்லின் திரிபு. தாமரையின் சாதிப்பெயரான நெலும்போ சிங்கள 'நெலும்' என்பதன் திரிபு. இவ்விரண்டையும் சாதிப்பெயர்களாக நிறுவியவர் ஒருவரே. பிரான்சிய அறிஞர் மிசேல் அதான்சன் 1763இல், தாவரக் குடும்பங்கள் பற்றிய ஒரே நூலில், இரண்டையும் ஆண்டார்.

லின்னேயசு உயிர்களை மட்டும் வகுத்ததோடு அமையவில்லை. 1758ஆம் ஆண்டுப் பதிப்பிலே மனிதனையும் கண்டங்களுக்கேற்ப நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தையும் ஒரு குணத்தையும் கற்பித்தார். ஐரோப்பியர் சட்டத்தால் ஆளப்படுவோர் என்றும் ஆபிரிக்கர் மனம்போன போக்கால் ஆளப்படுவோர் என்றும் அங்கு எழுதப்பட்டது. நிறத்தால் நான்கு, அந்நான்குக்கும் பிறவியிலமைந்த இயல்பு என்னும் இவ்வமைப்பு நமக்குப் புதியதன்று. வருணம் எனும் வடசொல்லுக்கு நிறம் என்பதே முதற்பொருள். காலத்தாலும் இடத்தாலும் வேறான இரு சமூகங்கள், தம்மிடையே நிலவிய மேல்கீழ் முறையை இயற்கையின் மேலேற்றிக் கூறின என்பதே இதனாற் பெறப்படும் உண்மை.

இனித் தமிழுக்கு வருவோம். அறிவியலைத் தமிழிற் கற்பிக்கும் முயற்சி யாழ்ப்பாணத்திலே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. 1847இல் இங்கு வந்து 1873 வரை பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கிச் சொற்றொகுதிகளையும் ஆக்குவித்தார். சுதந்திரத்தின் பின்னர், 1950களிலும் 1960களிலும் தாய்மொழிக் கல்வி உயர்வகுப்பு விஞ்ஞானத்தையும் எட்டியபோது, அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. கலம், இழையம், கூர்ப்பு, ஒளித்தொகுப்பு, முள்ளந்தண்டுளி, ஈரூடகவாழி முதலாக இன்று இலங்கை மாணவர் இயல்பாக வழங்குஞ் சொற்கள் அக்காலப் பணியின் பயனாகும். தமிழ்நாட்டிலே செல், திசு, பரிணாமம் என்று நிற்பனவற்றோடு ஒப்பிடின் இவற்றின் செறிவு விளங்கும். முலையூட்டி என்ற சொல்லையும் இங்குக் குறிப்பிடல் தகும். லின்னேயசு 1758இல் படைத்த பெயர் முலையையே சுட்டுவது. அதனை நாணமின்றி அவ்வாறே தமிழாக்கினர் நம்மவர். தமிழ்நாட்டுப் பாலூட்டி சற்று மறைவு விரும்பியது போலும்.

இத்துணைத் திறமுடையோர் வருணத்தையும் சாதியையும் ஏன் தேர்ந்தனர்? மூலத்துக்கு நேர்மையாக நிற்க முயன்றமையே காரணம் எனத் தோன்றுகின்றது. 'யீனசு' என்னும் இலத்தீனும் 'சாதி' என்னும் வடசொல்லும் பிறத்தல் எனும் பொருளுடைய ஒரே தொன்மையான வேரிற் கிளைத்தவை. சொற்பிறப்பு நோக்கில் இதனினும் பொருத்தமான இணையைக் காண்டல் அரிது. 'ஓடோ' சமூகப் படிநிலையைக் குறித்ததாயின் வருணமும் அதனையே குறிக்கின்றது. மொழிபெயர்ப்பு என்ற அளவிலே குறையேதுமில்லை; குறை அச்சொல் வாழும் ஊரிலே உள்ளது.

சாதி என்ற சொல்லுக்குச் சாதியமைப்பைச் சாராத வரலாறும் உண்டென்பதை மறைத்தல் நேர்மையாகாது. தருக்க நூலார் பலவற்றிலும் பொதுவாய் நிற்கும் தன்மையைச் சாதி என்றனர். யாழ்ப்பாணத்துச் சந்தையிலே கறுத்தக்கொழும்பானையும் அம்பலவியையும் விளாட்டையும் முன்வைத்து 'இது என்ன சாதி மாம்பழம்?' என்று கேட்பவரிடம் எவ்விதத் தீய நோக்கமுமில்லை. சாதிமல்லிகை நம் வேலியோரத்தில் மணக்கின்றது. ஆயின் அதே ஊரிலே 'சாதிமான்' என்றால் உயர்குலத்தான் என்றே பொருள். மாம்பழத்தின் வகையையும் மனிதரின் 'தரத்தையும்' ஒரே சொல்லால் வழங்கும் வழக்கமே, மனிதரும் மாம்பழம்போல வகைவகையாய்ப் பிறக்கின்றனர் என்ற எண்ணத்துக்கு ஊட்டமளித்துள்ளது. விவசாயப் பாடத்திலே நெல்லின் உள்வகைகளுக்குப் பேதம் என்று பெயரிட்டிருக்கின்றோம். சாதி, பேதம் என்ற இரண்டையும் அடுத்தடுத்து எழுதும் மாணவனுக்கு அவை சேர்ந்தொலிக்கும் பழைய தொடர் நினைவுக்கு வராதென்று கூறவியலுமா?

வடசொற்களை விலக்கிப் பழந்தமிழிலே விடைதேடலாம் என்பார் தொல்காப்பியத்து மரபியலைக் காட்டுவர். அதனை நாமும் காட்டவே விரும்புகின்றோம். ஆயின் முழுமையாகக் காட்டுதல் வேண்டும். மரபியலின் சொல்வளம் வியக்கத்தக்கதென்பதில் ஐயமில்லை. இளமைப் பெயர்களாகப் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்னும் ஒன்பது அங்கே கூறப்படுகின்றன. ஆண்பாற்கும் பெண்பாற்கும் அவற்றினும் மிகுதியான பெயர்கள் உள. இவற்றுட் பல இன்றும் நம் நாவில் வாழ்வன. கடுவன் பூனை என்கின்றோம், மறியாடு என்கின்றோம். மறி அந்நூலில் இளமைப் பெயர். இங்கோ பெண்ணாட்டின் பெயராகிவிட்டது. பிள்ளை, கன்று என்பன மரஞ்செடிகளுக்கும் உரியன என்றும், நெல்லுக்கும் புல்லுக்கும் அவை பொருந்தா என்றும் அந்நூல் கூறும். இன்றும் தென்னைக்குப் பிள்ளை, வாழைக்குக் கன்று, நெல்லுக்கு நாற்று என்றே நம் விவசாயி பேசுகின்றான். ஆயின் யானையின் இளமைக்கும் பசுவின் இளமைக்கும் கன்று ஒன்றேயாதலின், இப்பெயர்கள் உறவுமுறையைக் காட்டுவன அல்ல; உயிர்களோடு பழகிய மனிதரின் கண்ணைக் காட்டுவன.

பாகுபாடு என்று சொல்லத்தக்கது அறிவுநிலை பற்றிய பகுதியே. புல்லும் மரமும் ஓரறிவின, நந்தும் முரளும் ஈரறிவின, சிதலும் எறும்பும் மூவறிவின, நண்டும் தும்பியும் நாலறிவின, அதன்மேல் ஐயறிவு, மக்கள் ஆறறிவினர். பொறிகளின் எண்ணிக்கைகொண்டு உயிர்களை அடுக்கும் இம்முறை சமண நூல்களிலும் காணப்படுவதாகும். கண்ணாற் கண்டவற்றை ஒரு விதிக்குட் கொணரும் துணிவு இங்குள்ளது, அது போற்றத்தக்கது. எனினும் இது ஏணி, உறவுமுறை அன்று. சிதல் எனப்படும் கறையானும் எறும்பும் இங்கு ஒருபடியில் நிற்கின்றன. உண்மையிலோ எறும்பு குளவிக்கும் தேனீக்கும் உறவு. கறையான் கரப்பானுக்குள் அடங்குவதென்பது 2007இல் வெளியான மரபணு ஆய்வாலும் வலுப்பெற்றது. ஏணியின் ஐந்தாம் படி இன்னும் கூர்ந்து நோக்கற்பாலது. இப்பொழுது பெரிதும் வழங்கும் பாடத்தின்படி அப்படியில் விலங்கோடு 'மாக்களும்' நிற்கின்றனர். அதாவது மனித உருவினராயினும் மக்களென எண்ணப்படாதோர் விலங்கின் வரிசையில் வைக்கப்பட்டுள்ளனர். அவர் யாவர், அவரை அங்கு வைத்தவர் யாவர் என்ற வினாக்கள் எழாமலிருக்கவியலாது. பெண்பாற் பெயர்கள் முடிந்தபின், புல்மரப் பகுதிக்கு முன்னர், அந்தணர், அரசர், வைசிகர், வேளாளர் என்னும் நால்வகையாரின் உரிமைகளும் அதே இயலிற் கூறப்படுகின்றன. இச்சூத்திரங்களை இடைச்செருகல் என்பாருமுளர். இருக்கலாம். செருகியவர், விலங்கின் மரபையும் தாவரத்தின் மரபையும் கூறும் இயலே சமூகப் படிநிலைக்குப் பொருத்தமான இடம் எனக் கண்டாரன்றோ? அதுவே நமக்கு வேண்டிய சான்று.

புறத்தே வைரமுடையது புல், அகத்தே வைரமுடையது மரம் என்னும் பகுப்பினை எடுத்து, ஒருவித்திலைத் தாவரத்தையும் இருவித்திலைத் தாவரத்தையும் தொல்காப்பியர் முன்னரே கண்டார் என்று மேடையில் முழங்குவோர் இன்றும் உளர். பனை, தென்னை, மூங்கில் என்பன புறவைரத்தால் ஒருபுறம் சேர்வதும் அவை ஒருவித்திலையினவாதலும் உண்மையே. ஆயின் வெங்காயத்துக்கும் ஓர்க்கிட்டுக்கும் எங்கே வைரம்? முருங்கைக்கு அகத்திலும் வைரமில்லை, புறத்திலுமில்லை. தச்சனும் வீடு வேய்பவனும் மரத்தை வெட்டிப் பார்த்துப் பெற்ற அறிவு அது. அவ்வளவில் அது மதிப்புடையது. அன்றியும் பூக்குந் தாவரங்களை இவ்விரண்டாகப் பகுப்பதையே விஞ்ஞானம் கைவிட்டுவிட்டது. 1998இல் தாவரவியலாளர் குழுவொன்று மரபணுச் சான்றுகொண்டு வெளியிட்ட பாகுபாட்டின்படி, ஒருவித்திலையின ஒரு மூதாதையின் வழிவந்த தொகுதி, இருவித்திலையின அவ்வாறல்ல. முன்னறிந்தார் என்று நாம் பெருமை கொள்ளும் பொருளே இப்போது கலைந்துவிட்டது.

பழநூலிற் காட்டும் ஆர்வத்திற் சிறுபங்கேனும் உழைப்பாளரின் பேச்சிற் காட்டப்படவில்லை என்பது நமது மனக்குறை. பனையொன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். வடலி, குருத்தோலை, சார்வோலை, காவோலை, கருக்கு, பன்னாடை, பாளை, நுங்கு, சீக்காய், ஊமல், பூரான் என்று அதன் பருவத்துக்கும் உறுப்புக்கும் யாழ்ப்பாணத்துப் பேச்சிலுள்ள சொற்கள் தாவரவியலாளனுக்கு வேண்டிய நுட்பமுடையன. பனம்விதை முளைக்கும்போது வித்திலையின் நுனி விதைக்குள்ளேயே தங்கி, பஞ்சுபோலப் பருத்து, அங்குள்ள உணவை உறிஞ்சி நாற்றுக்கு அனுப்புகின்றது. அதுவே ஊமலைப் பிளந்து சிறுவர் எடுத்துண்ணும் பூரான். ஒருவித்திலை என்பதைப் புத்தகத்திற் படிக்கும் பிள்ளை, அந்த ஒரு வித்திலையைத் தன் கையில் வைத்துத் தின்றிருக்கின்றது. இவ்விரண்டையும் இணைக்கும் ஒரு வாக்கியம் அதற்குக் கிடைத்திருப்பின், பாடம் எத்துணை எளிதாகியிருக்கும்!

இனம் என்ற சொல்லே மிகச் சிக்கலானது. பழந்தமிழில் அது கூட்டத்தைக் குறித்தது; பசுக்கூட்டம் ஆனினம். இலக்கணத்தில் வல்லினம், மெல்லினம், இடையினம் எனத் தீங்கற்று நிற்கின்றது. உயிரியலிலோ, 1942இல் ஏணசுட்டு மயர் வகுத்த வரைவிலக்கணத்தை ஒட்டி, தம்முட் கலந்து வளமுள்ள சந்ததியை ஈனவல்ல உயிர்க்கூட்டம் என்று அதற்குப் பொருளுரைக்கின்றோம். குதிரையும் கழுதையும் கூடிப் பெறும் கோவேறு கழுதை பொதுவாக மலடாதலின் அவை வெவ்வேறினம். இதனைக் கற்ற மாணவன் அடுத்த பாடவேளையிலே இந்நாட்டில் வாழும் இனங்கள் சிங்களவர், தமிழர், முசுலிம்கள் எனக் கற்கின்றான். அரசாங்கப் படிவத்தில் 'இனம்' என்ற கூட்டை நிரப்புகின்றான். ஒரு பாடத்தில் மனிதர் யாவரும் ஓரினம்; மறு பாடத்தில் அவர் பல்லினம். இம்முரணை எந்த ஆசிரியரும் விளக்கவேண்டுமென்று பாடத்திட்டம் எதிர்பார்ப்பதாகத் தெரியவில்லை. றிச்சட்டு இலூவன்றின் 1972இல் செய்த கணிப்பின்படி, மனிதரிடையே காணப்படும் மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒவ்வொரு மக்கட்கூட்டத்தின் உள்ளேயே அமைந்துள்ளது. கூட்டங்களுக்கிடையிலான வேறுபாடு எஞ்சிய சிறுபகுதியே. இவ்வுண்மையைத் தமிழில் எழுத முயலும் ஒருவர், இனம் என்ற சொல்லை இரு பொருளிலும் ஆளநேர்ந்து தடுமாறுவதை எளிதிற் காணலாம்.

தமிழ்நாட்டார் சாதிக்குப் பேரினம் என்றும் இனத்துக்குச் சிற்றினம் என்றும் வழங்குகின்றனர். வருணத்துக்கு வரிசை, துறை முதலியன அங்குண்டு. வரிசையையும் பேரினத்தையும் நாம் தயக்கமின்றி ஏற்கலாம். சிற்றினத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. திருக்குறளிலே அது தீயோர் கூட்டத்தின் பெயர், ஓர் அதிகாரமே அதனை விலக்கச் சொல்கின்றது. அதனினும், இனம் என்பதை உயிரியலுக்கே விட்டுவிட்டு, மனிதக் குழுக்களுக்கு மக்கட்பிரிவு, சமூகம், அரசியல் நோக்கில் தேசிய இனம் என இடத்துக்கேற்ற சொற்களை ஆளுதலே தக்கதென நாம் கருதுகின்றோம். தமிழினம் என்று பெருமிதத்தோடு எழுதுவோர் இதனை ஒப்பார். எனினும் குருதியால் ஒன்றுபட்டோம் என்று கூறவிரும்பாது, மொழியாலும் வரலாற்றாலும் ஒன்றுபட்டோம் என்று கூறவிரும்புவோர்க்கு இதனால் இழப்பேதும் இல்லை.

பெயரை மாற்றினாற் சாதி ஒழியுமா என்பது வழக்கமான வினா. ஒழியாது, அது நிலத்திலும் திருமணத்திலும் வேரூன்றியது. ஆயின் சாதி ஒழியுமட்டும் பாடநூல் அதற்குப் பெயர்ப்பலகை தாங்கவேண்டும் என்ற நியதியும் இல்லை. நூல்களும் வினாத்தாள்களும் குழம்பும் என்பது இரண்டாந் தடை. 1990இல் காள் வோசும் அவர்தம் குழுவினரும் இராச்சியங்களுக்கு மேலே புதிய படியொன்றை வைத்தபோது, பேரிராச்சியம் என்ற சொல் ஆக்கப்பட்டு மாணவர் அதனைக் கற்றுக்கொண்டனர். முன்னறியாத படியையே ஏற்றோர்க்கு அறிந்த படியின் பெயர் மாறுவது பெருஞ்சுமையாகாது.

அன்றியும் படிகளின் செல்வாக்கே இன்று குன்றி வருகின்றது. 1859இல் வெளியான தமது நூலிலே தாவின் தந்த ஒரே படம், கிளைவிட்டுப் பரவும் ஒரு வரைபு. பாகுபாடு என்பது வமிசவழியையே காட்டவேண்டும் என்ற அவரது கருத்தினை 1950இன் பின்னர் வில்லி என்னிக்கு முறையாக வளர்த்தார். ஒரு மூதாதையும் அதன் வழிவந்த அனைத்தும் சேர்ந்த தொகுதிக்கு இன்றைய உயிரியலாளர் இட்டுள்ள பெயர், கிளை எனும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெறப்பட்டது. மரபியலோ அறிவுநிலை ஒவ்வொன்றையும் கூறியபின், அவ்வகையிற் சேரும் பிறவற்றைக் கிளைப்பிறப்பு என்று குறிக்கின்றது. மரத்தின் கொம்பும் கிளையே, சுற்றத்தாரும் கிளையே. மேலோர் கீழோர் என்ற குறிப்பு அச்சொல்லில் இல்லை. தொல்காப்பியர் கூர்ப்பினை அறிந்திருந்தார் என்று இதனாற் கூறத் தேவையில்லை. அவர் ஆண்ட சொல் நமக்குப் பயன்படும் என்பதே போதும். பறவைகள் ஊர்வனவின் ஒரு கிளை. ஆதலின் முதலை பல்லியைவிடக் காகத்துக்கே நெருங்கிய உறவு. கறையான்கள் கரப்பான்களின் ஒரு கிளை. ஒருவித்திலைத் தாவரங்கள் பூக்குந் தாவரங்களின் ஒரு கிளை. மாணவர் மனனஞ் செய்யும் ஏழு சொற்களை மட்டும் கொண்டு இம்மூன்று வாக்கியங்களுள் ஒன்றையேனும் எழுதுதல் இயலாது.